சீனி போட்டாச்சா

ரெண்டு சம்படமும் தொறந்து கெடக்கு. ஒண்ணாவது மூடியிருந்தா சோலி அதோட முடிஞ்சிருக்கும், தொறந்து கெடக்கத எடுத்தேன், மூடியிருக்கத எடுக்கலன்னு வச்சிக்கிட்டு பேசாம மத்த வேலையப் பாத்திருப்பேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வாயத் தொறந்துக்கிட்டு நின்னா நான் எதன்னு நெனைக்க. ஒண்ணுல காலம்பற மிக்ஸியில அரைச்சி ரெண்டு தடவ சலிச்ச சீனிப்பொடி. இன்னொண்ணுல நேத்து வறுத்துச் சலிச்ச இடியாப்ப மாவு. ரெண்டும் எங்க அம்மா சீரா வச்ச எவர்சில்வர் சம்படம், ரெண்டுலயும் புள்ளி புள்ளியா சண்முகவடிவுன்னு என் பேரு, ஒரே உயரம், ஒரே மூடி, உள்ள ஒரே வெள்ளை. கிட்டப்போயி மோந்தா எது எதுன்னு தெரிஞ்சிரும், இப்ப கேள்வி அது இல்ல. எது இந்தச் சட்டிக்குள்ள போச்சிங்கிறதுதான் கேள்வி. சட்டிக்குள்ள பாத்தா கேக்குக்குப் பூசுற பட்டர் க்ரீம் அழகா நிக்கி. அடிக்கிற பீட்டரத் தூக்குனா நுனி மடங்காம நிக்கி, போன் வீடியோவுல ஒரு பொண்ணு காட்டுனாளே, அதே மாதிரி. மஞ்சள் வெண்ணெய் அடிச்சி அடிச்சி வெளுத்து, தண்ணி விடாம, திரியாம, ஒரு கட்டி இல்லாம வந்திருக்கு. பாக்க ஒரு கொறையும் இல்ல. அன்னைக்குப் பாயாசமும் பாக்க இப்படித்தான் இருந்திச்சி.

மணி மூணே கால். நாலு மணிக்கு எங்க வீட்டுக்காரக அக்கா மக தாரணி வந்து கேக்கு எடுத்துட்டுப் போவா, ஆறு மணிக்கு வெட்டு. அவ புள்ளைக்கு மொத பொறந்தநாள், சனிக்கிழமையும் அதுவுமா எல்லாருக்கும் லீவு, ஒருத்தர் பாக்கியில்லாம வருவாக. வருவாகளா, வந்து என்னையப் பாத்த உடனே கேப்பாகளே, "என்ன வடிவு, சீனி போட்டாச்சா." ஒண்ணேகால் வருசமா கேக்காக. கல்யாண வீட்டுல கேக்காக, கோயில்ல கேக்காக, துட்டி கேக்கப் போன சாவு வீட்டுல கூட வாசல்ல செருப்பத் தேடிக்கிட்டு நிக்கும்போது ஒருத்தி கேட்டா. எல்லாம் தாரணி வளைகாப்புல வந்த வினை. பாயாசம் நான் பண்ணுதேன்னு நானா போயித்தான் நின்னேன். அறுபது பேருக்குப் பால் பாயாசம், மூணு மணி நேரம் கிண்டி, பால் சுண்டி லேசா செவந்து, ஏலக்காய் மணம் தெருமுக்கு வரைக்கும் போச்சி. சீனி மட்டும் போடல. கொஞ்சமாப் போடல இல்ல, ஒரு பொட்டுகூடப் போடல. போட்டேன்னுதான் நெனைச்சேன், இப்பக்கூட கண்ண மூடுனா கை சீனியத் தட்டுன மாதிரிதான் இருக்கு. தாரணியோட பெரிய மாமனாருதான் மொதல்ல டம்ளரக் கீழ வச்சிட்டு, "சுகர்காரங்களுக்குன்னே பண்ணினியளோ, நல்ல யோசன"ன்னாரு. கேலிக்குச் சொல்லியிருந்தா மறந்திருப்பேன். அந்த மனுசன் நெசமாவே சொன்னாரு. அப்புறம்தான் ஆவுடை மதினி, தாரணியோட அம்மா, எங்க வீட்டுக்காரகளுக்கு அக்கா, ஒரு மடக்குக் குடிச்சிப் பாத்துட்டு சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்பு. "ஏ வடிவு, இத்துணூண்டு நாக்குல வச்சிப் பாத்தா கொறைஞ்சா போயிருவ." நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா. "நான் நாக்கால சமைக்கிறவ இல்ல மதினி, கையால சமைக்கிறவ"ன்னு அத்தன பேருக்கு முன்னால சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒரு விசேஷத்துக்கும் என்னையக் கரண்டி தொடச் சொல்லல. காய் நறுக்கச் சொல்லுவாக, எல போடச் சொல்லுவாக. அடுப்புப் பக்கம் போனா யாராவது ஒருத்தி "நீங்க உக்காருங்க"ன்னு முக்காலி போடுவா.

தாரணி மட்டும்தான் கேட்டா. போன மாசம் புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு வந்து, "அத்தை, பாப்பாவுக்கு கேக்கு நீங்க பண்ணுங்க, முட்டையில்லாம, மேல வெண்ணெய்க் க்ரீம் போட்டு"ன்னா. எனக்குக் கேக்குன்னா என்ன தெரியும், அதெல்லாம் நமக்கு வராதுன்னேன். வரும் அத்தைன்னு வீடியோ அனுப்பி, உப்பில்லாத வெண்ணெய் ரெண்டு பாக்கெட்டு வாங்கிக் குடுத்து, பீட்டரும் குடுத்துட்டுப் போனா. மொத தடவ நான் அத நம்பாம வீட்டு வெண்ணெய்ல பண்ணிப் பாத்தேன், மோர் ஊறிக்கெடந்த வெண்ணெய், அடிக்க அடிக்கத் தண்ணி கக்கி, கடைசியில நெய்யாக் காச்சிட்டேன். அப்புறம்தான் வழிக்கு வந்தேன். பாக்கெட்டு வெண்ணெய வெளிய எடுத்து வைக்கணும், விரல வச்சா குழியணும், ஆனா ஓடப்பிடாது. இந்த ஊர் வெயில்ல குழியறதுக்கும் ஓடுறதுக்கும் நடுவுல பத்து நிமிசம்தான். அதனால சட்டியப் பச்சைத்தண்ணித் தாம்பாளத்துல உக்கார வச்சி, மேல சுத்துற பேன அமத்திட்டு, இல்லன்னா பொடி பறந்து மூஞ்சியெல்லாம் வெள்ளையாயிரும், மொதல்ல வெண்ணெய மட்டும் அடிச்சி, அது வெளுத்த பொறவு பொடிய மூணு தடவையாப் போட்டு, ரெண்டு கரண்டி பால், ஒரு சொட்டு வெனிலா, ஒரு சிட்டிக உப்பு. எல்லாம் சரியாத்தான் போயிக்கிட்டிருந்திச்சி. மொதக் கப்பு போட்டேன், அது சீனிதான், பீட்டர் சுத்துனதும் நறநறன்னு ஒரு சத்தம் வந்திச்சி, மாவுன்னா அந்தச் சத்தம் வராது. அப்பத்தான் போன் அடிச்சிச்சி.

ஆவுடை மதினிதான். கை எல்லாம் வெண்ணெய், ஸ்பீக்கர்ல போட்டு செல்புல வச்சேன். "என்ன வடிவு, கேக்கெல்லாம் ஆயிட்டா"ன்னா. ஆயிக்கிட்டிருக்கு மதினின்னேன். மதினி கொரலத் தாழ்த்துனா. "இல்ல, நீ தப்பா எடுத்துக்காத, கடையில ஒண்ணு சொல்லி வைக்கச் சொல்லியிருக்கேன், எதுக்கும் இருக்கட்டும். நாலு பேரு வாற எடம் பாத்துக்க." எதுக்கும் இருக்கட்டும். அதுக்கு என்ன பதில் சொன்னேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு, "இருக்கட்டும் மதினி, அதுக்கென்ன"ன்னு தேனா சொன்னேன். ஆனா சொல்லும்போது கை என்ன பண்ணிச்சின்னுதான் ஞாபகம் இல்ல. ரெண்டாவது கப்பு போட்டேன், மூணாவது கப்பு போட்டேன். எதுல இருந்து அள்ளுனேன். கண்ணு போனப் பாத்துக்கிட்டிருந்திச்சி, காதுல மதினி நிக்கா, மனசுக்குள்ள ரெண்டு கேக்கு ஒரே மேசையில நிக்கி, ஒண்ணு கடைக் கேக்கு, ரோசாப்பூவும் வெள்ளி முத்துமா, இன்னொண்ணு என்னது, ஓரத்துல. சத்தம் கேட்டுச்சா இல்லையான்னு எங்கிட்டுப் போயித் தேட. போன வச்ச பொறவு கொடியில துணி காயுதுன்னு பொறவாசலுக்குப் போனேன், எடுத்து மடிச்சி வச்சிட்டு வந்து பாக்கேன், ரெண்டு சம்படமும் இப்படி நிக்கி. மாவுச் சம்படத்துக்கு அடியில கையகலத்துக்கு மாவு சிந்திக் கெடக்கு. காலம்பற நான் மேடையத் தொடைச்சேன். யாரு அள்ளுனா, நான்தான அள்ளியிருக்கணும், இந்த வீட்டுல அடுக்களைக்குள்ள வாற கை என் கை ஒண்ணுதான்.

கொஞ்சம் எடுத்துச் செவுத்தோரமா வச்சிப் பாப்போமா, எறும்பு வந்தா சீனி. கோட்டிப் பேச்சு, எறும்பு மாவுக்கும்தான் வரும், கோலம் என்னத்துக்குப் போடுதோம். எங்க வீட்டுக்காரக சனிக்கிழம தவறாம மதிலோரம் எறும்புக்குப் போடுதாகளே, எந்த எறும்பு வேண்டாம்னு சொல்லிச்சி. இன்னும் ஒரு கப்பு சீனிப்பொடி சேத்துட்டா. மாவா இருந்தா அது எடுபடாது, சீனியா இருந்தா திகட்டிரும், புள்ளைங்க மேலாக்க வழிச்சி எறிஞ்சிட்டு அடியில இருக்க கேக்க மட்டும் தின்னும். மறுபடி மொதல்ல இருந்து பண்ணலாம்னா வெண்ணெய் இல்ல. வண்ணார்பேட்டைக்குப் போயி வாங்கி வந்து அது எளகுறதுக்குள்ள பொழுது அடைஞ்சிரும். முன்பக்கம் பட்டாசல்ல இவுக சாய்வு நாற்காலியில பேப்பர் படிச்சிக்கிட்டுத்தான் இருக்காக. ஒரு கரண்டி கொண்டுபோயி, ஏங்க, இதக் கொஞ்சம் பாருங்கன்னு நீட்டலாம். நீட்டுனா என்ன சொல்லுவாக. "நல்லாருக்கு." இருபத்தேழு வருசமா அந்த ஒரே வார்த்தைதான. ரசம் நல்லாருக்கு, அடிப்பிடிச்ச கூட்டு நல்லாருக்கு. அன்னைக்கு வளைகாப்புல அத்தன பேரும் டம்ளரக் கீழ வச்ச பொறவு இவுக மட்டும் ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சாக, ஒரு மூஞ்சிச் சுளிப்புக் கெடையாது. வீட்டுக்கு வந்து நான் அழுதேன், "நீங்களாவது மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா, நான் சீனியக் காச்சி ஊத்தியிருப்பேம்லா"ன்னு. "நல்லாத்தான இருந்திச்சி"ன்னாக. கோவத்துல ரெண்டு நாள் பேசல. பாசம்தான், தெரியாமலா இருக்கேன். ஆனா அந்தப் பாசத்தால எனக்கு என்ன ஆச்சி, நான் பண்ணுற சோறு நல்லாருக்கா இல்லையான்னு இத்தன வருசத்துல ஒரு தடவகூட எனக்குத் தெரிஞ்சது கெடையாது.

நாக்குல வச்சா ஒரு நொடியில தெரிஞ்சிரும். அது தெரியாமலா நிக்கேன். எட்டு வயசுல ஒரு தீவாளிக்கு முறுக்கு மாவ ஒரு கிள்ளு எடுத்து வாயில போட்டேன், எங்க அம்மா பொறங்கையில சுள்ளுன்னு ஒண்ணு வச்சா. "எச்சிப் பண்ணிட்டியேளா, இனி இதச் சாமிக்கு வைக்க முடியுமா." அம்புட்டு மாவையும் தனியா எடுத்து வச்சிட்டு வேற பெசைஞ்சா. அன்னையில இருந்து சமைக்கும்போது என் நாக்கு இருக்க எடம் எனக்குத் தெரியாது. உப்ப உள்ளங்கையில வச்சிப் பாப்பேன், புளிய மோந்து பாப்பேன், கொழம்பு கொதிக்கிற சத்தத்துலயே சொல்லிருவேன். சாமிக்கு வச்சி, இவுகளுக்குப் போட்டு, வந்த போனவுகளுக்குப் போட்டு, கடைசியா நான் உக்காரும்போது எல்லாம் ஆறிக் கெடக்கும். அது ஒரு பெருமையாத்தான் இருந்திச்சி. வீடியோவுல அந்தப் பொண்ணு, "உங்க ருசிக்கு ஏத்த மாதிரி கூடக்கொறைய போட்டுக்கோங்க"ன்னு சொல்லிக்கிட்டே கரண்டிய அப்படியே வாயில விட்டு நக்கி, அதே கரண்டிய மறுபடி சட்டிக்குள்ள விட்டா, எனக்கு ஓங்கரிச்சிக்கிட்டு வந்திச்சி. உங்க ருசியாம். என் ருசி என்னன்னு யாரு கண்டா. இப்ப நான் வச்சிப் பாத்தா மதினி சொன்னதுதான் சரின்னு ஆயிரும். யாரும் பாக்கப் போறதில்ல, கதவச் சாத்திக்கிடலாம், ஆனா நான் பாப்பேம்லா. ஒண்ணேகால் வருசமா முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சதுக்கு என்ன அர்த்தம். சரி, பாக்கல, அப்படியே பூசிக் குடுத்து விட்டுருதேன்னு வச்சிக்கிடுவோம், ஆறு மணிக்கு எல்லாரும் வாயில போடுவாக, மாவு மேல்வாயில ஒட்டும், ஒருத்தர ஒருத்தர் பாப்பாக, மதினி கடைக் கேக்கு டப்பாவப் பைய நகத்தி முன்னால வைப்பா. தாரணி மூஞ்சிய எப்படிப் பாக்க. அந்தப் புள்ள அவ அம்மாகிட்ட சண்ட போட்டு இந்த வேலைய எனக்கு வாங்கிக் குடுத்திருக்கா.

இது என்ன சாமிக்கா வைக்கப் போறோம். இந்த நெனப்பு எங்க இருந்து வந்திச்சின்னு தெரியல, பீட்டரக் கழுவப் போட்டுட்டுத் திரும்பும்போது வந்திச்சி. எந்தப் பிள்ளையாருக்கு வெண்ணெய்க் க்ரீம் கேக்கு படைக்கோம். பொறந்தநாளுக்கு என்ன பண்ணுவாக, மேல மெழுகுவத்திய நட்டு, புள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டு, புள்ளைக்கு ஊதத் தெரியாதுன்னு அப்பனும் ஆத்தாளும் சேந்து ஊதுவாக, பக்கத்துல நிக்க பொடுசுக நாலும் சேந்து ஊதும், ஒருத்தன் மூக்கு ஒழுகிக்கிட்டு ஊதுவான். எச்சியும் சளியுமாத் தெறிச்ச பொறவு அத வெட்டி எல்லாருக்கும் ஊட்டுவாக, அதே விரலால அடுத்த வாய்க்கு ஊட்டுவாக, மதினியும் வாயத் தொறந்து வாங்கிக்கிடுவா. அதுக்குப் போயி நான் ஒருத்தி இங்க எச்சி எச்சின்னு நின்னு செத்துக்கிட்டிருக்கேன். சிரிப்பு வந்துட்டு. ஒத்தையில நின்னு சத்தமாச் சிரிச்சிட்டேன், பட்டாசல்ல பேப்பர் ஒரு தடவ சலசலத்திச்சி. கரண்டி வேண்டாம். சட்டி ஓரத்துல ஒட்டியிருந்தத ஆள்காட்டி விரலால வழிச்சேன். அம்மா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ. வாயில வச்சேன்.

இனிப்பு. மொதல்ல வெண்ணெய் கரையுது, நாக்கு மேல ஒண்ணுமே இல்லாத மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகுது, அதுக்குப் பின்னால சீனி, ஓரத்துல ஒரு துளி உப்பு, அப்புறம் அந்த வெனிலா மணம் மூக்கு வழியா வருது. மேல்வாயில ஒண்ணும் ஒட்டல. வயித்துல பால வாத்த மாதிரி இருக்கு. அப்பாடான்னு மேடையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். மூணு கப்பும் சீனிதான். கை சரியாத்தான் அள்ளியிருக்கு. இன்னொரு விரல் எடுத்தேன், இது சந்தேகத்துக்கு இல்ல, சும்மா. மொத விரல்ல பயத்துல பாதி தெரியல, ரெண்டாவதுலதான் நெசமாத் தெரிஞ்சிச்சி. நல்லாருக்கு. நான் பண்ணுனது நல்லாருக்கு. பண்ணுன சூட்டோட, யாருக்கும் போடுறதுக்கு முன்னால, ஒருத்தருக்கும் மிச்சமில்லாம, எனக்குன்னு. பஜ்ஜிய எண்ணெய்ல இருந்து எடுத்த கையோட தின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது, நாப்பத்தொம்பது வயசாச்சி. ஒரு நாளைக்குப் பாக்கணும்.

கைய நல்லாக் கழுவிட்டு வலைக்கூடையத் தூக்கி, காலம்பற சுட்டு ஆற வச்சிருந்த ரெண்டு வட்டக் கேக்கையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சி, நடுவுல பூசி, மேல பூசி, தட்டத் திருப்பித் திருப்பி விளிம்ப தோசைக் கரண்டியால நேராக்குனேன். விரல் போன எடம் சட்டியில ரெண்டு வாய்க்காலாத் தெரிஞ்சிச்சி, அந்த ஓரத்த எனக்குன்னு ஒதுக்கி வச்சிட்டேன். அப்பத்தான் இவுக தண்ணி குடிக்க வந்தாக. வந்தவுக சம்படத்தப் பாத்து, "அடடா, மூடாமப் போயிட்டேனா"ன்னு ரெண்டு மூடியையும் எடுத்து மூடுதாக. நான் திரும்பிப் பாக்கேன். "காலம்பற மறந்துட்டேன் வடிவு, எறும்புக்கு. நீ துணி எடுக்கப் போயிருந்தியா, மாவுல ஒரு பிடி, சீனியில ஒரு பிடி எடுத்துக் கலந்து போட்டுட்டு வந்தேன். ஏழரை முடிய இன்னும் மூணு வாரம்தான இருக்கு, நடுவுல விடப்பிடாதுன்னு." நான் மூடித்தான் வச்சிருக்கேன். போன்ல மதினி குத்தும்போதும் கை அது பாட்டுக்கு அள்ளிப் போட்டு மூடியும் வச்சிருக்கு. கோவம் வரணும், அரை மணி நேரம் என்னையத் தூக்குல தொங்க விட்ட மனுசன். வரல. "கேட்டுட்டு எடுக்கப்பிடாதா"ன்னேன், பாதிச் சிரிப்புல. இவுக கேக்கப் பாத்துட்டு, "நல்லாருக்கே"ன்னாக. "தின்னவேயில்ல, அதுக்குள்ள நல்லாருக்கா"ன்னேன்.

தாரணி நாலுக்கு முன்னாலயே வந்துட்டா, புள்ளைய அவ அம்மாகிட்ட விட்டுட்டு, தலைக்குப் பூ வச்சிக்கிட்டு, கையில பெரிய அட்ட டப்பாவோட. கேக்கப் பாத்ததும் அப்படியே நின்னா. "அத்தை, கடையில கூட இப்படி வராது." கடைன்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சி. "அதான் அங்க ஒண்ணு வருதாமே, எதுக்கும் இருக்கட்டும்னு"ன்னேன். "அதுவா, அம்மா சொல்லச் சொன்னா, நான் சொல்லவே இல்ல. எதுக்கு ரெண்டு. நீங்க பண்ணுதேன்னு சொல்லிட்டீங்கள்ல." ரொம்பச் சாதாரணமாச் சொல்லிக்கிட்டே டப்பாவ விரிக்கா. அப்ப இது ஒண்ணுதான். மேசையில வேற கேக்கே கெடையாது. இது மாவாப் போயிருந்தா அந்தப் புள்ள முன்னால வைக்க ஒண்ணுமே இருந்திருக்காது, இவ அம்மா வாய்க்கு இவளும் சேந்து ஆளாகியிருப்பா, இந்தப் பொண்ணுக்கு அது தெரியும், தெரிஞ்சிதான் சொல்லாம விட்டிருக்கா. என் கை தட்டோரத்தப் பிடிச்சிக்கிட்டே நிக்கி, விடச் சொன்னாலும் விடல. அவ என் மூஞ்சியவே பாத்தா, அப்புறம் கிட்ட வந்து என் உதட்டோரத்துல இருந்து என்னத்தையோ விரலால தொடைச்சி எடுத்துப் பாத்தா. வெள்ளையா இத்துணூண்டு. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வருது, கேக்கமாட்டாம கேக்கா. "அத்தை, சீனி போட்டாச்சா." அதே கேள்விதான், ஒண்ணேகால் வருசமா எல்லாரும் கேக்கதுதான். சட்டி ஓரத்துல ஒதுக்கி வச்சிருந்தத அவ பக்கம் தள்ளி விட்டேன்.

"போட்டாச்சி. ரெண்டு தடவ தின்னு பாத்தேன், நல்லாருக்கு. அம்மாகிட்டயும் சொல்லு."